நீல உடையும் வெள்ளைக் கோட்டும்

இப்போதெல்லாம் மனுஷர்களுக்குக் கைபேசியைக் கீழே வைத்தால் உயிர் போகிறது. என் பழைய வீட்டை மனநல ஆஸ்பத்திரியாக மாற்றி டி.வி. நாடகம் எடுக்கிறார்கள். நோயாளியாக நடிக்கிறவர்கள் நீல உடையை மாட்டியதும் கைபேசிகளை என் மேசையில் குவித்துவிட்டுப் போவார்கள். அவை ஓயாமல் கத்தும். வீட்டுக்காரன் நான் காவல்காரன் ஆனதுதான் மிச்சம்.

காலை பதினொரு மணிக்குக் கூச்சல். கதாநாயகியின் மோதிரத்தைக் காணோம். நோயாளிக்கு நகை ஏது என்று ஒப்பனை மேசையில் கழற்றி வைத்திருந்தாளாம். தேடினார்கள். ஆலோசகர் அம்மாவின் பைக்குள் கிடந்தது.

அந்த அம்மா நிஜ ஆஸ்பத்திரியில் இருந்து குணமாகி வந்தவள். அங்கே என்ன நடக்கும், நடக்காது என்று சொல்லிக் கொடுப்பாள். கூட்டத்தில் நோயாளியாகவும் நிற்பாள்; அன்றும் நீல உடையில்தான் இருந்தாள். வெளியே வந்தபிறகு கிடைத்த முதல் வேலை.

"எனக்கு அப்பவே தெரியும். பழைய இடத்துக்கே அனுப்புங்க" என்றார் டைரக்டர்.

"நான் எடுக்கல." அவ்வளவுதான் சொன்னாள். கைக்குட்டையை உள்ளங்கையில் கசக்கிக்கொண்டே நின்றாள்.

இன்ஸ்பெக்டர் வந்தாள். என் தங்கை மகள்தான்.

"யார் மேல சந்தேகம் மாமா?"

"எல்லார் மேலயும். உன்னையும் சேர்த்து."

"நீங்க மாறவே மாட்டீங்க."

டாக்டராக நடிப்பவன் முன்னால் வந்தான். "நான் பார்த்தேன் மேடம். மோதிரத்தை எடுத்துப் பாக்கெட்ல போட்டாங்க. அப்புறம் பைக்கு மாத்தியிருப்பாங்க."

"எந்தப் பாக்கெட்?"

"உடுத்தியிருக்காங்களே, அதுல. நெஞ்சுப் பாக்கெட். விரலால உள்ள அழுத்தினாங்க."

"நிச்சயமா?"

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

இன்ஸ்பெக்டர் டைரக்டர் பக்கம் திரும்பினாள். "இவங்க ரெண்டு பேருக்கும் தகராறு உண்டா?"

"தகராறுன்னு இல்ல. டாக்டர் நோயாளியை அறையற சீன் ஒண்ணு. அது தப்புன்னு இந்தம்மா சொன்னாங்க, தூக்கிட்டோம்."

"இவருக்கு அது பெரிய சீனோ?"

"இவருக்குன்னு இருந்ததே அது ஒண்ணுதான்."

இன்ஸ்பெக்டர் என் மேசைக்கு வந்தாள். "ஏன் மாமா இத்தனை போன்?"

"வைக்க இடமில்லையாம். என் தலையில கட்டிட்டாங்க."

கொஞ்ச நேரம் அந்தக் குவியலையே பார்த்தாள். ஆலோசகர் அம்மாவிடம் திரும்பிப் போனாள்.

"அம்மா, அந்தக் கைக்குட்டையைப் பாக்கெட்ல வைங்க."

"வைக்க முடியாதும்மா."

இன்ஸ்பெக்டர் அந்த நெஞ்சுப் பாக்கெட்டில் விரலை விட்டுப் பார்த்தாள். நுழையவில்லை. வாய் தைத்திருந்தது.

"ஷாட் நடுவுல போன் அடிச்சுத் தொல்லை. போன வாரமே எல்லா நீல உடையையும் தைச்சுட்டேன்" என்றார் உடை தைப்பவர்.

"கேமராவுக்குப் பாக்கெட். கைக்கு வெறும் துணி" என்றாள் இன்ஸ்பெக்டர். "உங்க கோட்டுல மட்டும் பாக்கெட் நிஜம், டாக்டர். அதனால எல்லார் உடையும் அப்படின்னு நினைச்சுட்டீங்க. மோதிரம் அதுல ஏறித்தானே அவங்க பைக்குப் போச்சு?"

அவன் கை கோட்டுப் பாக்கெட்டிலிருந்து மெல்ல வெளியே வந்தது. "அவங்க போயிட்டா அந்த சீன் திரும்ப வந்துடும்னு..." என்று இழுத்தான்.

"ஏம்மா, தைச்சிருக்குன்னு நீங்களே சொல்லியிருக்கலாமே?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

"நான் சொன்னா யாரும்மா எடுத்துக்கப் போறாங்க?"

பிறகு டைரக்டர் பெரிய மனசோடு மன்னிப்புக் கேட்டார். நாளைக்கும் வரச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் தட்டவில்லை. நாளைக்கு ஒரு சீப்பு தொலைந்தாலும் முதலில் யார் பையைத் திறப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மேசையில் எவனுடைய கைபேசியோ கத்தியது. கத்தட்டும் என்று விட்டுவிட்டு வெளியே நடந்தேன்.