மூத்தாளின் புடவை

கோமளம் மூச்சை அடக்கிக்கொண்டாள். இரைப்பு நிற்கவில்லை.

ஜோகுபாளையத்தில் தை மாதப் பனி அந்தி சாயுமுன்பே இறங்கி, அண்டை வீடுகளின் விறகுப்புகையையும் சேர்த்துக்கொண்டு, சன்னல் கம்பிகளின் வழியே உள்ளே ஊர்ந்தது. கூடத்து விளக்கின் மஞ்சள் ஒளி மூலைகளை எட்டவில்லை. அம்மூலைகளுள் ஒன்றிலிருந்து, கிழிந்த துருத்தியில் காற்றுப் புகுவதுபோல மெல்லிய சீழ்க்கையொலி எழுந்தது, அறுந்தது, மீண்டும் எழுந்தது.

அதைத் தன் நெஞ்சின் ஒலி என்றே இன்று காலைவரை எண்ணியிருந்தாள். கும்பகோணத்தில் இருந்தவரை சளியைத் தவிர வேறொன்றும் அறியாதவள் அவள். வைத்தீஸ்வரனுக்கு இரண்டாந்தாரமாக இங்கே வந்த மறுவருஷம் இரைப்பு தொடங்கியது. அவனுடைய சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே விலா எலும்புகள் உள்வாங்கும். அடி விழுந்த நாள்களில் மட்டுமன்று. விழுமோ என்று காத்திருந்த நாள்களிலும் மூச்சு அடைத்தது.

"எல்லாம் இந்த ஊர் தண்டிம்மா, பனிக்குளிரு. மொதல் வீட்டம்மாவும் இப்டித்தான் இழுத்து இழுத்தே போனாங்க" என்பாள் பக்கத்து வீட்டு லட்சுமம்மா.

பிரேசர் டவுன் டாக்டர் யூஜின் மட்டும், ஊசி போட்டுவிட்டு, "வீட்ல ஏதாச்சும் தொந்தரவு உண்டாம்மா?" என்று கேட்டார். கணவனைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டே கேட்டார்.

"பனிதான், டாக்டர்" என்றாள் கோமளம்.

பனியின்மேல் பழிபோடுவது எல்லோருக்கும் எளிது. பனி வாய் திறந்து மறுக்காது.

பிறந்தகத்தில் ஒரு மாதம் இருந்து வரட்டும் என்றார் டாக்டர். இன்று அவனிடம் அதைக் கேட்டாக வேண்டும். இன்னொரு பனிக்காலத்தை இந்த வீட்டில் தாங்கமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும்.

காலையில் சுமங்கலிப் பிரார்த்தனை நடந்தது. இறந்துபோன மூத்தாள் ஜகதாம்பாளுக்குப் புதுப்புடவை வைத்துப் படைத்து, அதை வீட்டுப்பெண் உடுத்த வேண்டும் என்பது முறை. வைத்தீஸ்வரனோ மூத்தாளின் பழைய அரக்குப் புடவையையே பெட்டியிலிருந்து எடுத்து எறிந்தான்.

"இது போறும். கட்டிக்கோ."

கட்டிக்கொண்டாள். அந்த நிமிஷத்திலிருந்து அவள் நெஞ்சு கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. ஆகவேதான் இப்போது கேட்கும் இரைப்பு யாருடையது என்று எண்ணவே அஞ்சினாள்.

அது மூலையைவிட்டு நகர்ந்தது. முதுகுக்குப் பின்னால் வந்தது. பிடரியில் ஈரக்காற்று.

வாசலில் சைக்கிள் நின்றது. தாழ்ப்பாள் ஓசை. செருப்பொலி.

"ஏன்னா..." கோமளம் அவன் எதிரே போய் நின்றாள். "டாக்டர் சொன்னாரோன்னோ, ஒரு மாசம் அம்மாகிட்டே போயிட்டு வந்துடறேனே."

"அவளும் இதையேதான் கேட்டா."

அவன் கை ஓங்கியது. பாதியில் நின்றது. அவன் கண்கள் அவளுடைய தோளைத் தாண்டிப் போயின.

"ஜகதா" என்றான் தணிந்த குரலில். "ஒன் இழுப்பத்தான் அன்னிக்கே நிறுத்தினேனே."

கட்டிலிலிருந்து தலையணையை எடுத்தான். கோமளத்தை விலக்கிக்கொண்டு போனான். வெறுஞ்சுவரில், ஒரு பெண்ணின் முகம் இருக்கும் உயரத்தில், தலையணையை வைத்து இரு கைகளாலும் அழுத்தினான்.

உறையின் நடுவே துணி குழிந்தது. புடைத்தது. குழிந்தது.

பிறகு புடைக்கவில்லை.

கோமளம் மூச்சை இழுத்தாள். வரவில்லை. மீண்டும் இழுத்தாள்.

வைத்தீஸ்வரன் தலையணையோடு அவள் பக்கம் திரும்பினான்.