வெட்டிய பேர்கள்

நேற்று அழித்ததெல்லாம் திரும்பி வந்திருந்தது.

பவுனம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தாள். பழைய கடிதங்கள், ஒன்றுக்கு இரண்டாகக் கிடந்த நகல்கள், யாரோ ஏற்றி வைத்த சீட்டு விளையாட்டு என்று சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து குப்பையை வாரிக் கொட்டி, ஹார்ட் டிஸ்கில் பாதிக்குப் பாதி இடம் பண்ணி, சுவிட்சை அணைத்து, ஆப்பீஸைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து திறந்தால் சி டிரைவ் கழுத்து வரை நிரம்பிக் கிடக்கிறது. பூட்டு பூட்டினபடியே இருந்தது. சாவி வேறு யாரிடமும் கிடையாது.

சுவா ஊர்ப் பக்கத்திலிருந்து மழை வந்துகொண்டிருந்தது. ரப்பர் மரங்களின் தலை ஒவ்வொரு நிரையாக இருண்டு வர, ஒட்டுப்பால் கொட்டகையின் நாற்றம் ஈரக்காற்றில் ஏறி சன்னல் வழியாக உள்ளே நுழைந்து, அறைக்குள் ஏற்கெனவே இருந்த இன்னொரு வாசனையோடு கலந்தது. கோடாலித் தைலம். தோட்டத்துக் கணக்கெழுதிய பெரிய கிராணி சன்னாசி நெற்றியிலும் பிடரியிலும் விடாமல் தேய்த்துக்கொள்ளும் தைலம். அவர் இதே நாற்காலியில் செத்து ஒரு வருடம் ஆகிறது.

செத்தவன் தைலம் தேய்க்க மாட்டான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஈரத்துணியால் மேசையை அழுத்தித் துடைத்தாள். வாசனை போகவில்லை.

பயந்து எழுந்து போக அவளுக்கு வழியில்லை. தோட்டத்து முதலாளி வள்ளியப்பன் போன வாரம் சிரம்பானிலிருந்து வந்தபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "திங்கக்கெழமை ஆள் வர்றான்மா, புது புரோகிராம் ஏத்த. எடம் இல்லேன்னா மெஷினை சிரம்பானுக்கே தூக்கிக்கிறோம். கிராணி வேலையையும் அங்கேயே பாத்துக்கலாம்." கிராணி வேலை போனால் வீடும் போகும். தோட்டத்தில் அது எழுதாத சட்டம். பேர் இருந்தால் தலைக்கு மேல் தகரம் இருக்கும். பேரை வெட்டிவிட்டால் சட்டி பானையோடு செம்மண் சடக்குப் பாதையில் நிற்க வேண்டியதுதான். வேலையை விட்டு நிறுத்துவதற்கு அங்கே வேறு சொல்லே கிடையாது. பேர் வெட்டு, அவ்வளவுதான்.

அவள் அப்பா வீரமுத்துவின் பேரை வெட்டியவர் இந்தச் சன்னாசிதான். விடிவதற்கு முன் பெரட்டுக்களத்தில் எல்லோரும் வரிசையில் நிற்க, கிராணி பேர் கூப்பிடுவார். முதல் குரலுக்கே பதில் வர வேண்டும். தாய் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் நிற்கும் பிள்ளை அவளுக்காக 'இருக்காங்க' என்று கத்தும். அதுவும் செல்லும். குரல்தான் கணக்கு. அன்றைக்கு வீரமுத்துவுக்குத் தொண்டை கட்டி, காற்றுதான் வந்ததே தவிர குரல் வரவில்லை. சன்னாசி தலையை நிமிர்த்தவே இல்லை. சத்தம் இல்லையென்றால் ஆள் இல்லை என்று சொல்லிப் பேரை வெட்டினார். பவுனம்மாவும் அம்மாவும் அன்று களத்தில் இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று அம்மா முன்பே லீவு சொல்லியிருந்தாள். அம்மா செல்லம்மா தன் பேரை வைத்து வீட்டைக் காப்பாற்றிக்கொண்டாள். வெளி ஆளாகப் பகாவ் ஊர்ப் பக்கம் வேலை தேடிப் போன வீரமுத்து அங்கேயே செத்துப்போனார்.

அந்த வீட்டில்தான் அம்மா இப்போது முழங்கால் வலியோடு கிடக்கிறாள். அந்த வீட்டுக்காகத்தான் பவுனம்மா சிரம்பானில் கம்ப்யூட்டர் படித்து வந்து, வேண்டுமென்றே, சன்னாசியின் நாற்காலியை மாற்றாமல் அதிலேயே உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை.

வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் நல்லசாமி சன்னலில் தலையை நீட்டினார்.

"ஞாயித்துக்கெழமையில என்னா வேல பவுனு?"

"பொட்டியில எடம் இல்ல மாமா. பழசெல்லாம் வெட்டிக்கிட்டு இருக்கேன்."

"பழச நோண்டாத லா." அவர் களத்துப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "காலையில மாட்டுக்குப் புல்லு அறுக்கப் போனேன். பெரட்டு இல்லாத நாளு. களத்துல பேரு கூப்புடுற சத்தம். சன்னாசி கொரலு."

"காலையிலயே கள்ளா மாமா?"

"குடிச்சாத்தான் அது கேக்கமாட்டேங்குது." அவர் சிரிக்கவில்லை. "கூப்புட்டா வாயத் தொறக்காத. அவ்ளோதான் சொல்லுவேன்."

மோட்டார் சடக்கில் இறங்கி மறைந்தது. பிறகு மழை தகரத்தின் மேல் விழுந்தது.

பவுனம்மா மறுபடி வேலையில் இறங்கினாள். தற்காலிக ஃபைல்களை அழித்தாள். டிஸ்கில் எத்தனை இடம் என்று கேட்டாள். எண் ஏறியிருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டு மறுபடி கேட்டாள். எண் இறங்கியிருந்தது. அவள் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டிக்குள் டிஸ்க் கிடுகிடுவென்று எழுதிக்கொண்டே இருந்தது. யாரோ இரண்டு விரலால் அவசரமில்லாமல் தட்டுவது போல, கொஞ்சம் தட்டி, நிறுத்தி, மறுபடி தட்டி.

சன்னாசி கடைசிக் காலத்தில் பெரட்டுக் கணக்கை இந்தப் பெட்டியில்தான் ஏற்றினார். இரண்டு விரலால்தான்.

ஒளித்து வைத்த ஃபைல்களையும் காட்டச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். அதுவரை கண்ணில் படாத ஒரு டைரக்டரி வந்தது. பெரட்டு என்று பேர். திறந்தாள். திரை நிரம்பி வழிந்து ஓடியது. எல்லாம் ஆட்களின் பேர்கள். எட்டு எழுத்துக்கு மேல் ஏற்றுக்கொள்ளாத மெஷின் என்பதால் பலருக்கும் வால் வெட்டுப்பட்டிருந்தது. முத்தாயி போல ஒரு சிலர் மட்டும் ஆங்கிலத்தில் எட்டெழுத்துக்குள் அடங்கி முழுசாக இருந்தார்கள். மாயாண்டி, முத்தாயி, ராமசாமி. எல்லோரும் பேர் வெட்டப்பட்டவர்கள். எல்லோரும் வெளியே போய்ச் செத்தவர்கள்.

வீரமுத்து அங்கே வீரமுட் என்று நின்றது. அவள் அதைத் திறந்தாள்.

தேதி. ஆப்சென்ட். தேதி. ஆப்சென்ட். அப்பா செத்த வருடம் முழுக்க. அதற்கு அடுத்த வருடம். சன்னாசி செத்த பிறகும். ஒரு நாள் விடாமல். கடைசி வரியில் இன்றைய தேதி இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கீழ் இன்னொரு வரி வந்தது. மறுபடியும் இன்றைய தேதி. ஆப்சென்ட்.

அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. செத்த மனுசனைச் செத்த பிறகும் வரிசையில் நிறுத்தி, வரவில்லை வரவில்லை என்று எழுதிக்கொண்டே இருக்க ஒருவனுக்கு எவ்வளவு திமிர் வேண்டும். இந்தக் குப்பைதான் டிஸ்கை அடைத்திருக்கிறது. இதற்குத்தான் தன் அம்மா வீட்டை இழக்க வேண்டுமா?

டைரக்டரி முழுவதையும் அழிக்கச் சொன்னாள். நிச்சயமாகவா என்று மெஷின் கேட்டது. ஆமாம் என்று விரலால் குத்தினாள். எல்லாம் போனது. எல்லாம் வந்தது. மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது. இந்த முறை இன்னும் பெரிதாக.

விளக்கு மங்கியது. தைல வாசனை கண்ணை எரித்தது.

மழைச் சத்தத்துக்கு நடுவே, களத்திலிருந்து, ஒரு குரல்.

"வீரமுத்து."

மழை.

யாரும் பதில் சொல்லவில்லை. பெட்டிக்குள் டிஸ்க் தட்டியது. ஆப்சென்ட்.

"வீரமுத்து."

மண்டோர் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் அவள் பெரட்டில் வளர்ந்தவள். கூப்பிட்ட பேருக்குப் பதில் இல்லையென்றால் அவளால் தாங்க முடியாது. அதுவும் இந்தப் பேருக்கு. எழுந்து போய்ச் சன்னலை முழுசாகத் திறந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. களத்தில் யாரும் தெரியவில்லை, வெறும் தண்ணீர்.

"வீரமுத்து."

"இருக்காரு," என்றாள் பவுனம்மா. தோட்டமே கேட்கிற மாதிரி. "எங்கப்பா இருக்காரு. எழுதிக்க."

டிஸ்க் நின்றது. திரும்பிப் பார்த்தாள். வீரமுட் திரையில் இல்லை. இடத்தின் எண் ஏறியிருந்தது. இறங்கவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது.

"மாயாண்டி."

"இருக்காரு."

"முத்தாயி."

"இருக்காங்க."

குரல் வேகமாகக் கூப்பிட்டது. அவள் அதைவிட வேகமாகச் சொன்னாள். தெரிந்த பேர், தெரியாத பேர், தாத்தா காலத்துப் பேர். இருக்காரு. இருக்காங்க. இருக்கு, கைக்குழந்தையும் இருக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் திரையிலிருந்து போனது. தொண்டை கிழிந்தது. விடவில்லை. கடைசியில் கூப்பிடப் பேர் இல்லாமல் அந்தக் குரல் தடுமாறி நின்றது.

டைரக்டரியில் ஒரே ஒரு ஃபைல் மிச்சம். சன்னாசி.

"இப்ப நான்தான் கிராணி," என்றாள். "ஒங்க பேர வெட்டுறேன்."

நிச்சயமாகவா?

குத்தினாள். அவளுக்குப் பின்னால், காதுக்கு மிக அருகில், யாரோ மூச்சை இழுத்தார்கள். விடவே இல்லை. தைல வாசனை அறுந்து போனது.

சி டிரைவ் ஏறக்குறைய காலியாக இருந்தது. நாளைக்கு எந்தப் புரோகிராம் வேண்டுமானாலும் ஏற்றட்டும். வீடு தங்கிவிட்டது. அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்ற ஒரே நினைப்போடு, ஆப்பீஸைப் பூட்டாமல்கூட மழையில் ஓடினாள்.

லயத்து வரிசையில் பாதி வீடுகள் ஆளில்லாதவை. குடியிருந்தவர்கள் சிரம்பான் ஃபேக்டரிகளுக்குப் போய் வருடங்கள் ஆகின்றன. கதவுகளுக்கு ஆணி அடித்திருந்தது. இப்போது அவை திறந்திருந்தன. உள்ளே இருட்டு. இருட்டில் பால் வாளிகளை இறக்கி வைக்கும் சத்தம். ஒன்று. இன்னொன்று. வரிசை முழுக்க.

அவள் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. தன் வீட்டு வாசலை அடைந்தாள்.

அம்மா அடுப்படியில் குந்தியிருந்தாள். வலிக்கிற காலை மடக்கி. கையில் அகப்பை.

"சத்தம் போடாத," என்றாள் செல்லம்மா. "அப்பா சாப்புடறாரு."

ஒரு முதுகு தெரிந்தது. மெலிந்த முதுகு. பனியன் முழுக்கச் சேறு. அவரைச் சுற்றித் தரையில் தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது.

"பானையில ஒண்ணும் இல்லடி," என்றாள் அம்மா. "வழிச்சுப் போட்டுட்டேன். இன்னும் கேக்குறாரு."

அவர் மெதுவாகத் திரும்பினார். அப்பாதான். கண்கள் மட்டும் அப்பாவுடையவை இல்லை. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. செம்மண் தண்ணீர் வந்தது.

பவுனம்மா வாசலைப் பார்த்தாள். ஓடலாம். எங்கே? இதுதான் வீடு.

"இருக்கட்டும்மா," என்றாள். "நான்தான் பேரு குடுத்தேன். நம்ம வூட்டு ஆளு. நானே ஒல வைக்கிறேன்."

அரிசி டின்னைத் திறந்தாள். அடியில் ஒரு பிடிதான் இருந்தது.

வீடு இருண்டது. யாரோ வாசலை மறைத்தார்கள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நிலையில் கையை ஊன்றி ஒரு கிழவர் நின்றார். அவர் தோளுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒருத்தி. அவளுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள். அவள் குரல் கொடுத்த அத்தனை பேரும். வாசலிலிருந்து சடக்கு வரைக்கும், சடக்கிலிருந்து களம் வரைக்கும், கொட்டுகிற மழையில், பெரட்டுக்கு நிற்பது போல வரிசையாக. ஒவ்வொரு கையிலும் ஒரு தட்டு.