நூல் அறுக்கும் தோட்டாக்கள்

"நாலு பேர் கால் நீட்டிப் படுக்கிற அளவு பாறை. நடுவுல ஒரு நீர்மருது மரம். இடது கணுக்கால் வீங்கிப்போச்சு. போன்ல சார்ஜ் ரெண்டு சதவீதம்."

காலை எட்டு மணிக்குப் போனில் பூங்கோதை இவ்வளவுதான் சொன்னாள். தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. ஆபத்தில்கூட அளவு சொல்லித்தான் பேசுவாள். அபூர்வ ஆர்க்கிட் ஒன்றைத் தேடி ஆற்றின் நடுப் பாறைக்குப் போனவள், மேல்மலையில் பெய்த மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

தீயணைப்பு வண்டி மண்சரிவுக்கு அந்தப் பக்கம் நின்றது. வந்து சேர ஐந்து மணி நேரமாவது ஆகும். பக்கத்தில் இருந்தது கல்லூரியின் மலை மீட்புக் குழு மட்டும்தான். குழுப் பட்டியலில் நாற்பது பெயர்கள் இருந்தன, சான்றிதழுக்காக. பயிற்சி முகாமுக்கு வந்திருந்தவர்கள் மூன்று பேர்.

குழுத் தலைவி ஜெபசீலி, நாகர்கோவில்காரி. மன்சூர் இயந்திரவியல் மாணவன். மூன்றாவது ஆள் நாச்சிமுத்து. உடுமலையில் அவன் வீட்டுக்கு மளிகைக் கடை. பூங்கோதை அவனுடைய கூடப்பிறந்த அக்கா.

"நட மக்கா, அழப் பொறவு நேரம் இருக்கு" என்றாள் ஜெபசீலி.

மூவரும் காட்டுக்குள் பாய்ந்தார்கள். பாதை பாதி தூரம் இருந்தது, அப்புறம் இல்லை. அட்டைகள் காலுறைக்குள் குடியேறின, அவற்றைப் பிடுங்கக்கூட யாரும் நிற்கவில்லை. மன்சூர் தோளில் ஒரு நீளத் துப்பாக்கி ஆடியது. அது சுடுவதற்கானது அல்ல, நூல் எறிவதற்கானது. குழல் வாயில் ஓர் எஃகுத் தண்டைச் செருகி, தண்டின் வாலில் நைலான் நூலைக் கட்டி, குண்டில்லாத தோட்டாவால் அக்கரைக்கு வீசலாம். கடையில் விற்பது எண்பது மீட்டர் எறியும். மன்சூர் ஒரு வருடம் பட்டறையில் உட்கார்ந்து கடைந்த குழல் நூற்றைம்பது எறியும். அந்த வருடம் அவன் எழுதிய தேர்வுகளைப் பற்றிக் குழுவில் யாரும் பேசுவதில்லை.

இப்படி ஒரு குழலுக்குக் கடையில் தோட்டா கிடைக்காது. வெற்றுக் கூட்டில் வெடிமருந்தை எடைபோட்டு நிரப்பி, மெழுகால் வாயை அடைக்க வேண்டும். அந்த வேலை நாச்சிமுத்துவுடையது. தராசில் பழகிய கை என்று அவனிடம் கொடுத்திருந்தார்கள். இன்று காலை, போன் வந்த பிறகு, அவன் அவசரமாக ஐந்து தோட்டாக்கள் நிரப்பினான்.

பத்தரைக்குக் கரையை அடைந்தபோது பாறையில் இரண்டு பேர் உட்காரத்தான் இடம் இருந்தது. பூங்கோதை மருதமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள்.

"நூத்தி இருபது மீட்டர். நம்ம எல்லைக்குள்ளதான்" என்றான் மன்சூர்.

ஜெபசீலி குறி வைத்தாள். வெடித்தது. தண்டு ஆற்றைத் தாண்டி, பாறையைத் தாண்டி, எங்கோ காட்டுக்குள் போனது. நூல் மட்டும் பத்தாவது மீட்டரில் அறுந்து தண்ணீரில் விழுந்தது.

"நூல் நைஞ்சுபோச்சோ?" என்றாள் ஜெபசீலி.

"புது நூல்."

இரண்டாவது தோட்டா. மறுபடியும் அறுந்தது. இந்த முறை துப்பாக்கி ஜெபசீலியின் தோளை நன்றாக இடித்தது. மன்சூர் குழலின் பின்பூட்டைத் திறக்கப் பார்த்தான், அது நகரவில்லை. கல்லால் தட்டித் திறந்து காலிக் கூட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். அதன் பின்பக்கம் அப்பளம் போல் தட்டையாகியிருந்தது.

"மருந்து ஜாஸ்தி. தண்டு போற வேகத்துல நூல் அறுந்துடுது. இன்னொண்ணு சுட்டிருந்தா குழல் ஜெபா மூஞ்சில வெடிச்சிருக்கும். டேய் நாச்சி, எடை போட்டியா இல்லியா?"

"போட்டனுங்க. முள்ளு நேரா நின்னுச்சுங்க."

"அப்புறம்?"

நாச்சிமுத்து ஆற்றைப் பார்த்தான். பாறையில் இப்போது ஒரு ஆள் இடம்தான் இருந்தது.

"அப்புறம் ஒரு சிட்டிகை கொசுறு போட்டனுங்க. எல்லாத்துலயும். கை பழக்கம். அதுவும் அக்காவுக்குப் போறது, தாராளமா இருக்கட்டும்னு..."

ஜெபசீலி இடிபட்ட தோளைத் தேய்த்துக்கொண்டாள்.

"பருப்புக் கடையாலே இது?" என்றாள் ஜெபசீலி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சரி. தூறுது, தார்ப்பாயை விரி. மூணு பாக்கி இருக்கு. பிரிச்சு எடை போடு. நீயேதான் போடணும்."

"எனக்குக் கை நடுங்குதுங்க."

"நடுங்கட்டும். முள்ளு நடுங்கக் கூடாது."

தார்ப்பாய்க்குள் மூன்று தலைகள் முட்டிக்கொண்டன. காற்று தராசை ஆட்டியதால் ஜெபசீலியும் மன்சூரும் முதுகைச் சுவராக வைத்தார்கள். முதல் தோட்டாவின் மெழுகை உடைத்தபோது தார்ப்பாயின் ஓரம் வழிந்து மருந்தில் மழைத்தண்ணீர் கொட்டியது. அது போயிற்று. இரண்டாவதை அவன் விரலே தட்டிவிட்டது. அதுவும் மண்ணில்.

மூன்றாவது. நாச்சிமுத்து மூச்சை நிறுத்திக்கொண்டான். துகள் துகளாகக் குறைத்தான். முள் நடுவில் நின்றது. அவன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகச் சேர்ந்து, குறைத்து ஒதுக்கிய துகள்களை நோக்கி நகர்ந்தன. அந்தக் கையை அவன் தொடைக்கடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான். மறு கையால் கூட்டை நிரப்பி, மெழுகு அடைத்துக் கொடுத்தான்.

பூங்கோதையின் முழங்காலைத் தண்ணீர் தொட்டிருந்தது.

ஜெபசீலி சுட்டாள். சத்தம் முன்பைவிடச் சின்னது. தண்டு சோம்பலாக வளைந்து போவது போலத் தெரிந்தது. அதன் பின்னால் நூல் அறாமல், முடிவில்லாமல் ஓடியது. மருதமரத்தின் கிளையில் விழுந்து சுற்றிக்கொண்டது.

"பிடிச்சுட்டா" என்றான் மன்சூர்.

பூங்கோதை நூலை இழுத்தாள். நூலோடு மெல்லிய கயிறு போனது. அதன் பின்னால் தடிக்கயிறும், கப்பியும், இடுப்பு வாரும். அவள் மரத்தில் போட்ட முடிச்சு கரையிலிருந்து பார்க்கும்போதே பாடப்புத்தகத்தில் உள்ளதுபோல் இருந்தது. அரை மணி நேரத்தில், ஆற்றின் மேல் காலைத் தொங்கவிட்டபடி வந்து இறங்கினாள். சட்டைப்பையில் ஆர்க்கிட்டின் ஒற்றை இதழ். பின்னால் பாறையைக் காணோம்.

நாச்சிமுத்து அவளைக் கட்டிக்கொண்டு விம்மினான். "அக்கா, தப்புப் பண்ணிப்போட்டேன்" என்று எல்லாவற்றையும் ஒப்பித்தான். அவள் கால்கட்டை இறுக்கிக்கொண்டே கேட்டாள்.

ஒவ்வொரு தோட்டாவுக்கும் குறிப்பு எழுதாமல் குழு இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது விதி. ஜெபசீலி நோட்டை அவனிடம் நீட்டினாள். 'ஒன்று, இரண்டு: மருந்து ஒரு சிட்டிகை அதிகம். தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். எட்டிப் பார்த்த பூங்கோதை பேனாவைப் பிடுங்கி, 'சிட்டிகை'யை அடித்தாள்.

"உன் விரல் எனக்குத் தெரியும். அடுத்தவங்களுக்கு எப்படிடா தெரியும்? ஒரு சிட்டிகை எடு, எடை போடு, எண்ணை எழுது."

"இப்பவா அக்கா? கால் வீங்கிக் கிடக்குது..."

"கால் எங்கயும் போகாது" என்று தராசை அவன் பக்கம் தள்ளினாள்.