துண்டு துண்டாய் ஒரு குரல்

"அய்யோ... யாராவது வாங்களேன்!"

பக்கத்து வீட்டுக்காரி போட்ட சத்தத்தில் மாடிப்படியெல்லாம் ஆள்.

சமையலறைத் தரையில் அந்த வீட்டுப் பெண். கழுத்தில் துப்பட்டா இறுகியிருந்தது. உயிர் இல்லை!

மாலை ஐந்து மணிக்கு அவளுடைய அண்ணன் ஓடிவந்தான். செல்போன் கம்பெனியில் நெட்வொர்க் இன்ஜினீயர். தங்கையின் முகத்தைப் பார்த்தான்... சுவரைப் பிடித்துக்கொண்டான்.

ஹாலில் அவள் கணவன் இன்ஸ்பெக்டரிடம் தேம்பிக்கொண்டிருந்தான்.

"மூணு மணிக்கு ஆபீஸ்ல இருந்தேன் சார். அவதான் ஃபோன் பண்ணா. பேசிட்டிருக்கும்போதே எவனோ உள்ள நுழைஞ்சுட்டான்! 'சத்தம் போட்டா கொன்னுடுவேன்'னு ஒரு குரல்... ஒரு வார்த்தை விடாம கேட்டேன் சார்!"

"ரெண்டு ஃபோன்லயும் அந்தக் கால் பதிவாகியிருக்கு. நாலு நிமிஷம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

அண்ணன் நிமிர்ந்தான்.

ஒரு வார்த்தை விடாமலா?

வாயைத் திறந்தால் வேலை போய்விடும். திறக்காவிட்டால்...?

"சார்... நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"நீங்களா?"

"இன்னைக்கு மேட்ச். எல்லாரும் மொபைல்ல பாக்கறாங்க. படம் நின்னுட்டா மேலதிகாரி என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார். அதனால, பேச்சுக்குன்னு ஒதுக்கின பாதையைச் சுருக்கி வீடியோவுக்குத் திருப்பிவிட்டேன். ரெண்டு மணியிலேர்ந்து நாலு வரைக்கும் இந்த ஏரியா டவர்ல கால் போகும்... ஆனா பேச்சு துண்டு துண்டாத்தான் வரும்!"

"நிச்சயமா தெரியுமா?"

அவன் தன் செல்போனை எடுத்து நீட்டினான்.

"ரெண்டே முக்காலுக்கு தங்கச்சி என்னைத்தான் கூப்பிட்டா. 'ண்ணா... வர்... டிக்...'னு வந்துச்சு. காரணம் எனக்குத் தெரியும் சார். ஒரு பட்டனைத் தட்டியிருந்தா சரியாயிருக்கும். 'கேக்கலம்மா, அப்புறம் பேசு'ன்னு வெச்சுட்டேன்... நானே அவ வாயைப் பொத்திட்டேன்!"

அண்ணன் மெல்லத் திரும்பினான்.

"எனக்குக் கேக்காத குரல் உங்களுக்கு மட்டும் எப்படி மாப்பிள்ளை கேட்டுச்சு?"

"டவர் கிடக்கட்டும் மச்சான்! அவ கத்தினது எனக்கு நல்லாவே கேட்டுச்சு... ரெண்டடி தூரத்துல நின்னா கேக்..."

கணவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ரொம்ப லேட்!

"அடடே... ரெண்டு ஃபோனையும் நீங்களே கையில வெச்சுக்கிட்டு நாலு நிமிஷம் ஓடவிட்டீங்களா?" இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்ட, கான்ஸ்டபிள் அவன் தோளைப் பிடித்தார்.

அண்ணனுக்கு அப்போதுதான் அந்தத் துண்டுகள் ஒட்டின.

'அண்ணா... அவர் அடிக்கிறார்!'

இரண்டு கைகளையும் நீட்டினான்.

"எனக்கும் மாட்டுங்க சார்."

"உங்களுக்கு மாட்டற விலங்கு எங்க ஸ்டேஷன்ல இல்ல தம்பி."

அவன் தரையில் உட்கார்ந்து, விம்மி விம்மி அழுதான்.

வாசலில் கணவன் திமிறினான். "என் வக்கீலுக்கு ஒரு கால் பண்ணணும்!"

"தாராளமா பண்ணுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "இப்ப லைன் சுத்தமாத்தான் இருக்கும்... நீங்கதான் சுத்தமா இல்ல!"