அப்பாவுக்கு வந்தது பொன்னுக்கு வீங்கியா?

விஜிலாவின் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. அப்பா வளனுக்குத் தாடை வலி. படுத்தால் முனகுவார், எழுந்தால் நடப்பார். அவர் நடந்தால் அம்மாவும் எழுந்துகொள்வாள். பிறகு விஜிலா மட்டும் எப்படித் தூங்குவது?

அப்பாவின் தாடைக்குக் கீழே ஒரு நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. காய்ச்சலும் அடித்தது. திரேஸ்புரத்திலிருந்து படகில் கடலுக்குப் போகிறவர், பாயில் சுருண்டு கிடந்தார்.

பக்கத்து வீட்டு ஜாய் அத்தை வந்து பார்த்தாள். பார்த்த உடனே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

“இது பொன்னுக்கு வீங்கிதான் ஆக்னஸ். கழுத்துல தங்கத்தைப் போடு, தன்னால வத்திரும்.”

களைத்துப்போயிருந்த அம்மாவுக்கு யோசிக்கத் தெம்பில்லை. தன் சங்கிலியைக் கழற்றி அப்பாவுக்குப் போட்டுவிட்டாள். பெரிய மீசையை வைத்துக்கொண்டு அப்பா கல்யாணப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தார். வேறு நாளாக இருந்தால் விஜிலா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்றைக்குச் சிரிக்கக்கூட அலுப்பாக இருந்தது. அப்பாவைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது.

“தண்ணி தாளா” என்றார் அப்பா.

விஜிலா பானைத் தண்ணீரை மொண்டு கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவர், “மாதாவே!” என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டு துள்ளினார்.

விஜிலாவுக்குச் சந்தேகம் வந்தது. போன வருஷம் அவளுக்கே பொன்னுக்கு வீங்கி வந்திருந்தது.

“எனக்கு வந்தப்ப காதுக்குக் கீழதான வீங்குச்சு? பச்சத்தண்ணி குடிச்சா பல்லு கூசலையே. எங்க, வாயைத் திறங்கப்பா.”

“ஒண்ணுமில்லளா, விடு.”

“திறங்கப்பா!”

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாள். கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஓர் ஓட்டை. ஈறு சிவந்து உப்பியிருந்தது.

“அம்மா, இங்கன வாங்க! இது பல்லுதாம்மா!”

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “பல்லுன்னு எனக்கு முன்னமே தெரியும். சொன்னா ஊசி போடக் கூட்டிட்டுப் போவீங்க. அதான் பேசாம இருந்தேன்.”

“புயல் காத்துக்குப் பயப்படாத ஆளு, ஊசிக்குப் பயமாக்கும்!” அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

விஜிலாவுக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கும் ஊசி என்றால் பயம்தான்.

“நான் உங்க கையைப் பிடிச்சுக்கிடுதேன் அப்பா. நீங்க கண்ணை மூடிக்கோங்க. நானும் அப்படித்தான் போட்டுக்கிடுவேன்.”

அப்பா சட்டையை மாட்டினார்.

பல் டாக்டர் மாதுரி படம் எடுத்துப் பார்த்தார். “சொத்தை வேர் வரைக்கும் போய் சீழ் பிடிச்சிருக்கு. உடம்பு அந்தக் கிருமியோட சண்டை போடுது. அதனாலதான் தாடைக்குக் கீழ நெறி கட்டியிருக்கு. இன்னும் விட்டிருந்தா பெரிய ஆபத்தாப் போயிருக்கும்.”

“பல்லைப் பிடுங்கணுமா?” அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

“வேண்டாம். இன்னைக்குச் சீழை எடுத்துட்டு மாத்திரை தாரேன். மறுபடி வந்து வேரைச் சுத்தம் பண்ணிக்கிடணும். வராம இருந்திராதீங்க.”

ஊசி வந்தது. அப்பா கண்ணை இறுக மூடினார். அவர் பிடித்த பிடியில் விஜிலாவின் விரல்கள் நசுங்கின. ஆனாலும் அவள் கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, மரத்துப்போன வாய் சரியானதும், அப்பா கஞ்சி குடித்துவிட்டுச் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கதவு அதிரும்படி குறட்டை கிளம்பியது. பட்டப்பகலில், அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே அம்மாவும் விஜிலாவும் நிம்மதியாகத் தூங்கிப்போனார்கள்.