கை குடுங்க, அண்ணாச்சி

வாளித் தண்ணீரின் மேல் மெல்லிசாக ஓர் ஏடு படர்ந்திருந்தது.

பாலில் படியும் ஏடு அல்ல. ஊதா, பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி மாறி நெளிகிற ஏடு; பெட்ரோல் பங்கின் ஈரத் தரையில் மினுங்குமே, அது. பாண்டியராஜ் அதை விரலால் ஒதுக்கினான். விலகியது. விரலை எடுத்ததும் மறுபடி வந்து கூடிக்கொண்டது. முகர்ந்து பார்த்தான். கப்பல் எஞ்சினுக்கு ஊற்றும் கருப்பு எண்ணெயின் வாடை, அதற்கு அடியில் நாள்பட்ட மீன்குடலின் வாடை.

"ஜோதி, தொட்டியில எதும் விழுந்து கெடக்கா பாரு. தண்ணி நாறுது."

மனைவி ஜோதிலட்சுமி வந்து வாளிக்குள் மூக்கை விட்டாள். "ஒரு வாடையும் இல்லியே. ஒங்க மூக்குலதான் கப்பல் ஏறி உக்காந்திருக்கு."

அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

இலஞ்சிக்கு வந்து இறங்கிப் பதினாறு நாள் ஆகிறது. சரக்குக் கப்பலில் மேல்தள வேலை அவனுக்கு. வளைகுடாவின் வாசலில் இருக்கிற அந்தக் குறுகலான நீரிணையில் சண்டை மூண்டதிலிருந்து எந்தக் கப்பலும் தனியாகப் போவதில்லை. ஆறு கப்பல்களை வரிசையாக்கி, முன்னே கடல் கண்ணிவெடியைத் தேடி அகற்றும் கப்பல், கடைசியில் ஒரு போர்க்கப்பல் என்று காவல் போட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் கூட்டிப்போவார்கள். சட்டம் கறாரானது. எது நடந்தாலும் நிற்கக் கூடாது. ஒன்று நின்றால் ஆறும் நிற்கும். நின்ற கப்பல் சுலபமான குறி. தண்ணீரில் விழுந்தவர்களைக் கடைசியில் வரும் போர்க்கப்பல் அள்ளிக்கொள்ளும். தத்தளிப்பவன் மாதிரி நடித்து எதிராளியே ஏறி வரலாம். அதனால் யாரையும் அண்ட விடாதீர்கள்.

அதற்காகத்தான் பாண்டியராஜின் கையில் தீயணைக்கும் குழாயைக் கொடுத்து விளிம்பில் நிறுத்தியிருந்தார்கள்.

வாளியில் ஏடு பார்த்த அன்று காலை பத்து மணிக்கு இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். தென்காசிக்காரர்கள். ஜுஹைனா என்ற இளம்பெண், கூடவே அவளுடைய கொழுந்தன் முகம்மது சலீம். அவள் கணவன் ஹபீபுல்லா, அந்த வரிசையில் பாண்டியராஜின் கப்பலுக்கு முன்னால் போன கப்பலில் வேலை பார்த்தவன். கண்ணியில் மோதி வெடித்த கப்பல் அது. போர்க்கப்பல் பதினொரு பேரை அள்ளியது. ஹபீபுல்லா அதில் இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

"பக்கத்துக் கப்பல்ல நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இருந்தார்னு சொன்னாவ. அதான் தேடி வந்தோம், அண்ணாச்சி." ஜுஹைனா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். "இருக்காரா, மௌத்தாயிட்டாரா, ஒரு வார்த்தை போதும். மௌத்துன்னா அவருக்காகத் தொழுவணும். நான் நாலு மாசம் பத்து நாள் வீட்டோட இத்தா இருக்கணும். ரெண்டு மாசமா பொண்டாட்டியாவும் இல்லாம விதவையாவும் இல்லாம நிக்கேன்."

சலீம் போனை நீட்டினான். படத்தில் ஹபீபுல்லா வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தான். முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு குச்சி நுழையும் இடைவெளி.

பாண்டியராஜ் அந்த இடைவெளியையே பார்த்தான்.

"ஒரே பொகை. ஒண்ணும் தெரியலம்மா."

சொல்லி முடிக்கும்போதே நாக்கு வழுக்கியது. கையிலிருந்த டீயைப் பார்த்தான். அதன் மேலும் ஏடு, ஊதாவும் பச்சையுமாக. அவர்கள் இருவரும் அதே டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்திருந்தார்கள்.

"ஞாவகம் வந்தா சொல்லுங்க, அண்ணாச்சி. நாளைக்கு நானே போன் போடுதேன்."

மதியம் சோற்றில் கை வைத்தான். ஒவ்வொரு பருக்கையும் கொழகொழவென்று கருப்பாக எதையோ பூசிக்கொண்டு, விரலுக்கு விரல் நூல் விட்டது. கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தான். வாந்தியும் மண்ணில் வானவில்லாகப் படர்ந்தது. சோப்பு போட்டான். சாம்பல் போட்டான். தேங்காய் நாரால் தோல் எரிய எரியத் தேய்த்தான். நகக்கண்ணில் கருப்பு. காதுமடலில் கருப்பு. துடைத்தால் வேறு இடத்தில் கருப்பு.

பொய் சொல்லியிருந்தான். கப்பல் வெடித்த அன்றைக்கு அவன் நின்ற பக்கம் புகை இல்லை. பளிச்சென்ற காலை.

சரக்கு நிறைந்து கப்பல் ஆழ அமிழ்ந்திருந்தது. எண்ணெய் மிதந்த கடலிலிருந்து ஓர் உருவம் பக்கவாட்டில் தொங்கிய கயிற்றைப் பற்றி மேலே வந்தது. முடி, கண், மூக்கு எதுவும் தனியாகத் தெரியவில்லை. எல்லாம் ஒரே கருப்புக் கூழ். வாயைத் திறந்தபோது கூழுக்குள் வெள்ளையாகப் பல் தெரிந்தது. நடுவில் இடைவெளி.

"அண்ணாச்சி, கை குடுங்க!"

எந்த எதிராளி அண்ணாச்சி என்று கூப்பிடுவான்? அது பாண்டியராஜுக்குத் தெரியும். அந்த நொடியிலேயே தெரியும். வழவழவென்ற அந்தக் கை நீண்டு அவன் புறங்கையைத் தொட்டது. அவன் குழாயைத் திறந்தான். தண்ணீர் அந்த வாய்க்குள்ளேயே பீய்ச்சி அடித்தது.

பயத்தால் அல்ல. அருவருப்பால்.

மறுநாள் ஜோதிலட்சுமி, "குத்தாலத்துல எண்ணெய் தேச்சுக் குளிச்சா எல்லாம் தெளிஞ்சிரும்" என்று பிடிவாதமாக அவனைப் பஸ்ஸில் ஏற்றினாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மெயினருவிப் பக்கம் பெஞ்சில் ஆட்களைப் படுக்கப்போட்டுப் பளார் பளாரென்று தட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் எண்ணெய் வழியும் முதுகுகள், தொப்பைகள், பளபளக்கும் கழுத்துகள். பாண்டியராஜ் குனிந்தே நடந்தான்.

எண்ணெய் தேய்ப்பவர் குற்றாலிங்கம். பெரிய உள்ளங்கை. இரண்டு தேய்ப்பில் கையை நிறுத்திவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, ஏற்கெனவே யாரோ தேச்சு விட்டாப்லல்லா இருக்கு? நம்ம எண்ணெய் உள்ள எறங்க மாட்டேங்கு."

"என்ன நிறமா இருக்கு?" பாண்டியராஜ் எழுந்து உட்கார்ந்தான்.

"நிறமா? எண்ணெய்க்கு ஏது நிறம்? போயி அருவில நில்லுங்க, சரியாப் போவும்."

போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஜோதிலட்சுமியிடம் கொடுத்துவிட்டு இறங்கினான். அருவி தலையில் விழுந்தது. தோளில், பிடரியில், முதுகில் நூறு கைகள் அறைந்த மாதிரி. பாறையின் குளிர்வாடை, இலைவாடை. முதல் தடவையாக எண்ணெய் வாடை இல்லை. முகம் தூக்கி வாய் திறந்து தண்ணீரை வாங்கினான். சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஜுஹைனா கூப்பிட்டதும் சொல்லிவிடலாம். எல்லாவற்றையும்.

பின்னால் யாரோ வழுக்கினார்கள்.

"அண்ணாச்சி, கை குடுங்க!"

குளிக்க வந்தவன்தான். வழுக்குப் பாறையில் எவனும் கேட்பதுதான். இந்தத் தடவை கொடுக்க வேண்டும். பாண்டியராஜ் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினான்.

பிடித்தார்கள்.

கனமான பிடி. சில்லென்ற பிடி. இழுத்தான். ஈர ரொட்டி பிய்கிற மாதிரி அந்தக் கையின் தோல் மட்டும் கழன்று அவன் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. திரும்பினான்.

பல். நடுவில் இடைவெளி.

அண்ணாந்து பார்த்தான். அருவி கருப்பாக விழுந்தது. கூழாக. கட்டியாக. அவன் வாய் இன்னும் திறந்தே இருந்தது.

தடுப்புக் கம்பியைப் பிடித்தான். வழுக்கியது. பக்கத்தில் நின்றவனை நோக்கிக் கை நீட்டினான். அவன் முகம் சுளித்து விலகினான். அடுத்தவனும். அதற்கடுத்தவனும். எவனோ குமட்டினான். போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்து மூக்கைப் பொத்தினார்.

தவழ்ந்தான். படிக்கட்டு. மேலே ஜோதிலட்சுமி. குடை. அவள் கையில் போன் ஒலித்தது. பழக்கத்தில் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவன் பக்கம் நீட்டினாள்.

"அண்ணாச்சி, ஜுஹைனா பேசுதேன். ஞாவகம் வந்துச்சா?"

நான்தான். இரண்டே அசை. வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. கருப்பாக வழிந்தது. மோவாயில். நெஞ்சில். படியில்.

"அண்ணாச்சி? இருக்கீங்களா?"

ஜோதி, கை குடு. கையை நீட்டினான்.

இத்தனை நாளும் எந்த வாடையும் தெரியாத ஜோதிலட்சுமி, குடையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தாள்.