மூன்று மணி நேரக் கெடு

"பாக்கெட்டுல இருக்கறதெல்லாம் எடுத்து மேசை மேல வைங்க."

வழிப்பறிக்காரன்கூட இவ்வளவு மரியாதையாகக் கேட்க மாட்டான். கிரேன் ஓட்டுபவன் நிமிர்ந்து பார்த்தான்… அவ்வளவுதான். நூற்றிருபது அடி உயரத்தில் சுற்றாத தலை தரையில் சுற்றியது. மை தீட்டாமலே அப்படிக் கறுத்த கண்கள்…

அவள் பரிசோதனைக்கூடத்துப் பெண். துறைமுகத் தொழிலாளர்களில் குலுக்கிப் போட்டு ஒருவனை எடுத்து, சிறுநீரில் போதை மருந்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இன்று விழுந்தது இவன் சீட்டு.

பிளாஸ்டிக் கோப்பையை நீட்டினாள். "இந்தக் கோடு வரைக்கும். நான் கதவுக்கு வெளியில நிப்பேன்."

உள்ளே போனான். ஒரு சொட்டு வரவில்லை.

"மூணு மணி நேரம் டைம். தண்ணி குடிங்க. அதுக்குள்ள குடுக்கலேன்னா மறுத்துட்டதா எழுதணும். வேலை போயிடும்." தயங்கினாள். "ஏதாச்சும் பழக்கம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க…"

சுருக்கென்றது. "பழக்கமா? டீயில சக்கரைகூடப் போடறதில்லைங்க நான்!"

முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். சுவர் எவ்வளவு நேரம்தான் பேச்சுத் துணைக்கு ஆகும்? அரை மணியில் ரோஷம் வற்றியது.

"மேல தனியா இருக்க பயமா இல்லையா?" என்றாள்.

"கீழ இறங்கினாத்தாங்க பயம்."

சிரித்தாள்… கன்னத்தில் குழி விழுந்தது. அவன் கிரேனோடு அதில் விழுந்தான்.

குடித்தான், உள்ளே போனான், வெறுங்கோப்பையோடு வந்தான், மறுபடி குடித்தான். மொட்டைமாடித் தொட்டி வற்றிவிட்டதாகக் காவலாளி இன்றும் சத்தியம் செய்கிறார். சன்னலுக்கு வெளியே மேகமும் அவனைப் போலவே கனத்து, பெய்யாமல் நின்றது.

அவனுக்கே ஒன்றும் விளங்கவில்லை. வரவில்லையா? மனசுதான் பிடித்து வைத்திருக்கிறதா? கொடுத்தால் அவள் போய்விடுவாள்… கொடுக்காவிட்டால் வேலை போய்விடும்…

பத்து நிமிடம் பாக்கி. அவள் பேனாவை எடுத்தாள்.

"உண்மையைச் சொல்லிடறேங்க… கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கறது நீங்கன்னு நினைச்சாலே வெக்கமா இருக்கு. வேற யாராச்சும்னா ஒரு நிமிஷ வேலை."

அவள் காதுவரை சிவந்தாள். "உள்ள போங்க… சீக்கிரம்!"

போய் நின்றான். வெளியே தாழ்வாரத்தில் யாரோ குழாயைத் திறந்துவிட்டார்கள். சளசளவென்று அந்தச் சத்தம்… போன பிறவியில் குடித்த தண்ணீரும் சேர்ந்து வந்தது.

இப்போது பிடித்ததுதானா என்று கோப்பையின் சூடு பார்த்து, மூடி, முத்திரை ஒட்டினாள்.

"குழாயைத் திறந்தது நீங்கதானே? எல்லாருக்கும் திறப்பீங்களா?"

"ம்…"

"எப்ப?"

"முதல் அஞ்சு நிமிஷத்துலயே."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "அப்ப எனக்கு மட்டும் ஏங்க…?"

அவள் தலை நிமிரவில்லை.

"எனக்கே புரியலைங்க… திறந்தா நீங்க போயிடுவீங்களேன்னு…"